மாடில சோலார் இருக்கு, அப்புறம் ஏங்க கரண்ட் போகுது? பேட்டரி, மைக்ரோகிரிட் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

சோலார், இன்வெர்ட்டர் வேலைல இருக்கறதால கல்யாண வீட்டு பந்தில உக்காந்தா கூட பக்கத்து இலைக்காரர் இதையே தான் கேக்குறாரு. அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். எந்த வரிசைலயும் படிங்க, ஆனா முதல் மூணு கேள்விய மட்டும் தாண்டிப் போகாதீங்க, பின்னாடி வர்றது முக்கால்வாசி அதை வச்சு தான் புரியும்.

3 கிலோவாட் பேனல் போட்டிருக்கேன். மண்டை பொளக்குற வெயில்ல ஈபி கரண்ட் போனா எங்க வீட்லயும் போயிடுது. போட்டுக்குடுத்த ஆளு ஏமாத்திட்டாரா?

ஏமாத்தல. ஆனா போடறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லலன்னா அது அவர் தப்பு தான். உங்க வீட்ல இருக்கறது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது கிரிட்டோட (ஊரை எல்லாம் இணைக்கிற ஈபி கம்பி வலை) சேந்து மட்டும் ஓடுறது. அது லைன்ல வர்ற கரண்டோட தாளத்தைக் கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி தன் கரண்டை சேத்து விடும், சொந்தமா தாளம் போடத் தெரியாது. மேளக் கச்சேரில தவில்காரர் வாசிக்கறதைப் பாத்து தானே ஜால்ராக்காரர் தட்டுறாரு, தவில் நின்னா அவரும் நிறுத்திட வேண்டியது தான், அதே கதை.

அதை விட முக்கியமான காரணம் லைன்மேன். தெருவுல கரண்ட் இல்லைன்னு நம்பி அவர் கம்பத்துல ஏறுறாரு, அந்த நேரம் உங்க மாடில இருந்து கரண்ட் வெளிய போனா? ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் கிடையாதுங்க, உங்க வீட்டு கரண்ட் அதுக்குள்ள தலைகீழா ஏறுச்சுன்னா அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டா நிக்கும். அதனால தான் லைன் செத்ததும் ரெண்டு வினாடிக்குள்ள இன்வெர்ட்டர் தானா அணையணும்னு விதி. உங்களுது அணையுதுன்னா சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், திட்டாதீங்க.

அப்போ ஈபி போனாலும் சோலார் ஓடணும்னா என்ன பண்ணனும்?

பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேணும். ஈபி போனதும் அது முதல்ல உங்க வீட்டை தெரு லைன்ல இருந்து துண்டிச்சுடும், அப்புறம் தானே தவில எடுத்து 50 ஹெர்ட்ஸ் வாசிக்க ஆரம்பிச்சுடும், பேனல் அதைக் கேட்டு சேந்துக்கும். அந்த நிமிஷம் உங்க வீடு ஒரு குட்டித் தீவு. மைக்ரோகிரிட்டுன்னு பெருசா பேசுறதெல்லாம் அடிப்படைல இதே வேலை தான், வீட்டுக்கு பதிலா ஒரு ஊரு, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு காலேஜ்.

ஒண்ணு கவனிங்க. ஹைப்ரிட்னு சொல்லி வாங்கினாலும் முழு வீடும் ஓடாது, பேக்கப்புக்குன்னு தனியா வர்ற லைன்ல எதை மாட்டுறோமோ அது மட்டும் தான் ஓடும். ஏசி, கீசர், போர் மோட்டார் மூணையும் அதுல மாட்டிட்டு "அரை மணி நேரம் கூட நிக்கல"ன்னு போன் பண்றவங்க நிறைய பேரு. அப்புறம், பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு குடுக்குற 78,000 ரூபாய் மானியம் சோலாருக்கு தான், பேட்டரி செலவு உங்க கைக்காசு.

எல்லாரும் 50 ஹெர்ட்ஸ், ஃப்ரீக்வென்சின்னு பேசுறாங்களே, அது எனக்கு எதுக்கு?

முன்னாடி சொன்ன தாளத்தோட வேகம் தான் ஃப்ரீக்வென்சி, கரண்ட் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வந்தா அது 50 ஹெர்ட்ஸ். கரண்டை உற்பத்தி பண்ற அதே நொடில செலவும் பண்ணியாகணும், கம்பில அதை வச்சிருக்க இடமே கிடையாது. எடுக்குற அளவு கூடுச்சுன்னா நாடு பூரா இருக்கற ஜெனரேட்டர் எல்லாம் கொஞ்சம் மெதுவாகும், ஃப்ரீக்வென்சி 50க்கு கீழ இறங்கும். உற்பத்தி கூடினா மேல ஏறும். இந்தியால 49.90ல இருந்து 50.05 வரைக்கும் தான் இருக்கணும்னு வச்சிருக்காங்க, எவ்ளோ குறுகலான வரப்பு பாருங்க. இதுல இருந்து ரொம்ப விலகிடுச்சுன்னா மெஷின் எல்லாம் தன்னைக் காப்பாத்திக்க தானா கழண்டுக்கும், ஒண்ணு கழண்டா மிச்சம் இருக்கறது மேல பாரம் ஏறும், அதுவும் கழலும், சீட்டுக்கட்டு மாதிரி சரியும்.

இங்க தான் வெட் கிரைண்டரை நினைச்சுக்கோங்க. சுவிட்சை அணைச்ச பிறகும் கல்லு கொஞ்ச நேரம் சுத்தும்ல, அந்த கனம் தான் அதை சுத்த வைக்குது. நிலக்கரி, நீர்மின் நிலையத்துல சுத்துற ரோட்டார் எல்லாம் நூறு டன் கணக்குல கனம், எங்கயாவது திடீர்னு ஒரு பிளான்ட் விழுந்தா கூட அந்த கனம் ஒரு சில வினாடி தாங்கிப் பிடிக்கும், அதுக்குள்ள மத்தவங்க உற்பத்திய ஏத்திக்கலாம். சோலார் பேனல்ல சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. பகல்ல சோலார் கூடக் கூட கிரிட்டோட கனம் குறையுது, அதை எப்படி ஈடு கட்டுறதுங்கறது தான் இப்போ இந்தத் துறைல எல்லாருக்கும் இருக்கற தலைவலி.

இலங்கைல ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கிடுச்சுன்னு சொன்னாங்களே, நிஜமா?

நிஜம் தான், ஆனா பாவம் குரங்கு மேல மட்டும் பழிய போட்டா எப்படி. 2025 பிப்ரவரி 9, ஞாயித்துக்கெழமை, காலைல பதினொரு மணி தாண்டி பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு குரங்கு ட்ரான்ஸ்ஃபார்மர்ல பட்டுடுச்சுன்னு அந்த நாட்டு எரிசக்தி அமைச்சரே சொன்னாரு. அவ்ளோ தான், நாடு முழுக்க கரண்ட் போச்சு, எல்லா ஊருக்கும் திரும்பி வர சாயங்காலம் ஆச்சு.

ஒரு சப்ஸ்டேஷன்ல கோளாறு வர்றது சாதாரணம், குரங்கு, மயில், மரக்கிளை, பட்டத்து நூல் எது வேணா காரணமா இருக்கலாம். அன்னிக்கு நாள் தான் மோசம். ஞாயித்துக்கெழமை, ஆபீஸ் ஃபேக்டரி லீவு, தேவை கம்மி, ஆனா வெயில் நல்லா அடிக்குது, கூரைல இருக்கற சோலார் எல்லாம் முழு வீச்சுல தள்ளுது. அதனால சுத்துற கனமான மெஷின் ரொம்ப குறைவா தான் ஓடிட்டு இருந்துச்சு. கிரைண்டர்ல கல்லே இல்லாம சுத்துன மாதிரி. ஒரு உதைப்பு வந்ததும் பிடிச்சு நிறுத்த ஆளில்ல. நுரைச்சோலைல இருக்கற 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் அதுல விழுந்துச்சு, அது நெனச்ச உடனே திரும்ப ஏத்துற சாமான் கிடையாது, அதனால அடுத்த ரெண்டு நாள் முறை வச்சு ஒன்றரை மணி நேரம் கட் பண்ணாங்க.

அதுக்கப்புறம் அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு லீவுல, பகல் நேரத்துல உங்க கூரை சோலாரை அணைச்சு வைங்கன்னு மின்சார சபையே ஜனங்களைக் கேட்டுக்கிச்சு. காசு போட்டு பேனல் வச்சவனுக்கு எப்படி இருக்கும்? வெயில் மிச்சமாகி தூக்கிப் போடுறாங்க, ராத்திரி டீசல், நிலக்கரி எரிக்கிறாங்க. நடுவுல இருக்க வேண்டிய ஒரு சாமான் இல்ல, அதான் விஷயம்.

அந்த சாமான் பேட்டரின்னா, பேட்டரி இருந்திருந்தா அன்னிக்கு தப்பிச்சிருக்குமா?

வேகமா பாயுற பேட்டரி கொஞ்சம் இருந்திருந்தா தப்பிக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்னு தான் நான் நினைக்கிறேன். இதுக்கு தெற்கு ஆஸ்திரேலியா கதையை சொல்லணும். 2016 செப்டம்பர் 28ல புயல் அடிச்சு டவர் லைன் எல்லாம் மடங்கி விழுந்துச்சு, அந்த வோல்டேஜ் ஆட்டத்துல காத்தாலைகள் தன் செட்டிங் படி கழண்டுக்கிச்சு, மாநிலமே இருட்டு. அரசியல்ல ஒரே சண்டை, காத்தாலை தான் காரணம்னு ஒரு பக்கம், இல்லைன்னு ஒரு பக்கம். அப்போ ஈலான் மஸ்க் ட்விட்டர்ல வந்து 100 நாள்ல பேட்டரி வச்சுத் தர்றேன், முடியலன்னா ஓசின்னு சவால் விட்டாரு (அந்த மனுஷன் விட்ட சவால்ல சொன்ன தேதிக்கு நடந்த வெகு சிலதுல இது ஒண்ணு). ஜேம்ஸ்டவுன் பக்கத்துல ஹார்ன்ஸ்டேல்ங்கற இடத்துல 100 மெகாவாட், 129 மெகாவாட்-அவர் பேட்டரி 2017 டிசம்பர் 1ல ஓட ஆரம்பிச்சுது.

ரெண்டு வாரம் கூட ஆகல, விக்டோரியா மாநிலத்துல லாய் யாங் நிலக்கரி நிலையத்துல 560 மெகாவாட் யூனிட் ஒண்ணு திடீர்னு விழுந்துச்சு. கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த இந்த பேட்டரி ஒரு வினாடிக்குள்ள ஃப்ரீக்வென்சி சரியறதைக் கண்டுபிடிச்சு கரண்டை உள்ள தள்ளுச்சு. தள்ளுனது சில மெகாவாட் தான், அது தனியா ஒண்ணும் நாட்டைக் காப்பாத்தல, ஆனா நிலக்கரி யூனிட் ஒண்ணு சோம்பல் முறிச்சு எழுந்திருக்கறதுக்குள்ள பேட்டரி வேலைய ஆரம்பிச்சுடும்னு எல்லாரும் கண்ணால பாத்துட்டாங்க. 2020ல 50 மெகாவாட் கூட்டினாங்க, அப்புறம் சுத்துற ரோட்டாரோட கனத்தையே நடிச்சுக் காட்டுற மாதிரி மென்பொருளும் ஏத்தினாங்க. கல்லு இல்லாத கிரைண்டருக்கு கல்லு இருக்கற மாதிரி நடிக்கத் தெரிஞ்ச மோட்டார்னு வச்சுக்கோங்களேன்.

மெகாவாட்டா, மெகாவாட்-அவரா? பேப்பர்ல மாத்தி மாத்தி போடுறாங்க.

ஆமா, எரிச்சலா வரும். மெகாவாட்ங்கறது குழாயோட பருமன், மெகாவாட்-அவர்ங்கறது டேங்க்ல இருக்கற தண்ணி. ஹார்ன்ஸ்டேல்ல முதல்ல வச்சது 100 மெகாவாட் குழாய், 129 டேங்க், முழுசா திறந்து விட்டா ஒண்ணே கால் மணி நேரத்துல காலி. "100 மெகாவாட் பேட்டரி ஊருக்கே ராத்திரி பூரா கரண்ட் தரும்"னு யாராவது சொன்னா டேங்க் எவ்ளோன்னு கேளுங்க. உங்க வீட்டு கணக்குல ஒரு கிலோவாட்-அவர் தான் ஒரு யூனிட்.

தனியா நின்னா பாதுகாப்பா, பெரிய கிரிட்டோட சேந்து நின்னா பாதுகாப்பா?

இதுக்கு நம்ம ஊரு அனுபவமே இருக்கு. 2012 ஜூலை 30ல வட இந்தியா, மறுநாள் 31ல வடக்கு, கிழக்கு, வடகிழக்குன்னு பாதி நாடு இருட்டாச்சு, 60 கோடி பேருக்கு மேல பாதிப்பு. தமிழ்நாடு அதுல விழல. நம்ம கிரிட்டு ஏதோ உசத்தின்னு நெனைச்சுடாதீங்க, தென்மாநில கிரிட் அப்போ மத்தவங்களோட ஒரே தாளத்துல இணையவே இல்ல, அதான் காரணம். ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்து 2013 டிசம்பர் 31ல தான் ஒண்ணாச்சு.

ஆனா அதே 2012ல நம்ம நெலமை என்னன்னு கோயமுத்தூர்காரங்களைக் கேளுங்க. ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம் கட், பட்டறை எல்லாம் டீசல்ல ஓடுச்சு, ஓட முடியாதவன் மூடிட்டான். வேற இடத்துல கரண்ட் மிச்சம் இருந்தாலும் கொண்டு வர லைன் போதல. தனியா நின்னா அடுத்தவன் விழும்போது நாம விழ மாட்டோம், ஆனா நாம தவிக்கும்போது கை குடுக்கவும் ஆள் இருக்காது. எல்லா நாளும் சேந்து நிக்கணும், அவன் சரியற நொடில மட்டும் கைய உதறிட்டு தன் கால்ல நிக்கணும், அப்புறம் அவன் எந்திரிச்சதும் தாளம் பாத்து சேந்துக்கணும். ஸ்மார்ட் மைக்ரோகிரிட்னு சொல்றது இதைத் தான்.

அதுல ஸ்மார்ட் எங்க இருக்கு? மொபைல் ஆப்பா?

ஆப் ஒரு அலங்காரம். ஸ்மார்ட்டுன்னா, கரண்ட் பத்தாதப்ப எதை முதல்ல அணைக்கணும்னு அதுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கறது. ஆஸ்பத்திரின்னா ஆபரேஷன் தியேட்டர், தடுப்பூசி ஃப்ரிட்ஜ் கடைசி வரைக்கும் ஓடணும், வராண்டா ஏசி முதல்ல போகணும். இன்னொன்னு, கரண்ட் மிச்சமானா என்ன பண்றது? பெரிய கிரிட் இருந்தா வெளிய தள்ளிடலாம், தீவா நிக்கும்போது எங்க தள்ளுவீங்க? பேட்டரி நெறைஞ்சுட்டா மெயின் இன்வெர்ட்டர் வேணும்னே ஃப்ரீக்வென்சிய 50ல இருந்து கொஞ்சம் மேல ஏத்தும், அதைப் பாத்த சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் புரிஞ்சுக்கிட்டு உற்பத்திய குறைச்சுக்கும். நடுவுல ஒரு ஒயர் கிடையாது, மெசேஜ் கிடையாது, தாளத்தோட வேகம் தான் பேச்சு. இந்த வேலைல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது தான்.

நிஜமாவே கிரிட் இல்லாத இடத்துல இதை செய்யறாங்களா?

யாழ்ப்பாணத்துக்கு மேற்கால நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூணு தீவு இருக்கு, தரையில இருந்து கரண்ட் கம்பி போகாத இடம், குறிகட்டுவான்ல இருந்து படகு தான். டீசலை படகுல ஏத்திட்டுப் போய் ஜெனரேட்டர் ஓட்டி கரண்ட் தர்றது தான் அங்க காலங்காலமா நடைமுறை, ஒரு யூனிட் என்ன விலை அடங்கும்னு நீங்களே யோசிங்க. அதுக்கு மாத்தா போட்ட திட்டம் மூணு தீவுக்கும் சேத்து 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காத்தாலை, 2,400 கிலோவாட்-அவர் பேட்டரி, கூடவே அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல்.

டீசலை கழிக்கலன்றதை கவனிங்க. மழைக்காலத்துல நாலு நாள் மூட்டமா இருந்தா பேட்டரி என்ன பண்ணும்? நயினாதீவுல நாகபூஷணி அம்மன் கோயில் ஆனித் திருவிழாக்கு கூட்டம் அள்ளும், அதே தீவுல நாகவிகாரைக்கும் தெற்குல இருந்து ஜனங்க வர்றாங்க, அந்த நாள்ல லோடும் சாதாரண நாள் லோடும் ஒண்ணா? அதுக்குத் தான் டீசல், ஆனா வருஷத்துல கொஞ்ச நாள் மட்டும்.

இதுல அரசியலும் பூந்துச்சு. 2021ல ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல ஒரு சீன கம்பெனிக்கு வேலை போச்சு, ராமேஸ்வரத்துக்கு இவ்ளோ கிட்டயான்னு இந்தியா முகம் சுளிச்சது, சீனாக்காரங்க ஒதுங்கிட்டாங்க. 2022 மார்ச்ல இந்தியா நாங்களே மானியமா செஞ்சு தர்றோம்னு ஒப்பந்தம் போட்டுச்சு, 1.1 கோடி டாலர். கட்டுற வேலைக்கு கான்ட்ராக்ட் கையெழுத்தாக 2024 மார்ச் ஆகிடுச்சு. நெடுந்தீவுக்காரருக்கு பேனல் எந்த நாட்டுதுன்னு என்ன வந்துச்சு, ஃபேன் சுத்தினா போதும்.

நம்ம பக்கமும் இருக்கு. அந்தமான் போர்ட் பிளேர்ல (இப்போ பேரு ஸ்ரீ விஜயபுரம்) நெய்வேலி என்.எல்.சி. 20 மெகாவாட் சோலாரும் 8 மெகாவாட்-அவர் பேட்டரியும் வச்சிருக்கு. பழுப்பு நிலக்கரி தோண்டுற கம்பெனி தீவுல பேட்டரி வைக்குது, காலம் மாறுது.

ஓடந்துறை பஞ்சாயத்து சொந்தமா காத்தாலை வச்சிருக்காங்களே, அது மைக்ரோகிரிட் தானே?

இல்லீங்க. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை 2006ல 350 கிலோவாட் காத்தாலை வாங்குனது பெரிய சாதனை, பேங்க் கடன் வாங்கி, கரண்டை வாரியத்துக்கு வித்து கடனையும் அடைச்சாங்க, கையெடுத்துக் கும்பிடணும். ஆனா காத்தாலை நிக்கறதே உடுமலைப்பேட்டை பக்கம், காத்து அங்க தான் அடிக்குது. கரண்ட் கிரிட்டுக்குப் போகுது, காசு ஊருக்கு வருது. மேட்டுப்பாளையத்துல ஃபீடர் (ஊருக்கு கரண்ட் கொண்டு வர்ற லைன்) ட்ரிப் ஆனா ஓடந்துறைலயும் இருட்டு தான். கணக்குல தன்னிறைவு வேற, கம்பில தன்னிறைவு வேற.

மைக்ரோகிரிட் வச்சு தோத்த ஊர் இருக்கா?

இருக்கு, அதைப் பேசாம வெற்றிக் கதை மட்டும் பேசறவங்களை நம்பாதீங்க. பீகார்ல ஜெகனாபாத் மாவட்டத்துல தர்னைன்னு ஒரு கிராமம், முப்பது வருஷமா கரண்ட் இல்ல. 2014ல கிரீன்பீஸ் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் வச்சுக் குடுத்துச்சு, உலகம் பூரா நியூஸ். திறப்பு விழாக்கு நிதிஷ்குமார் வந்தப்ப ஜனங்க என்ன கேட்டாங்க தெரியுமா? "நிஜ கரண்ட் குடுங்க"ன்னு. சோலார் கரண்ட் அவங்களுக்கு பொய் கரண்ட். ஏன்னா டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போடாதீங்க, லோடு தாங்காதுன்னு சொல்லி தான் குடுத்தாங்க. ஆசை ஆசையா சில பேர் போட்டாங்க, சாயங்காலமே பேட்டரி காலி. கொஞ்ச நாள்லயே அரசாங்க கிரிட்டும் வந்துச்சு, யூனிட் விலையும் கம்மி, எல்லாரும் அதுக்குத் தாவிட்டாங்க. பேட்டரி செத்த பிறகு மாத்தறதுக்கு யார்கிட்டயும் காசும் இல்ல, ஆர்வமும் இல்ல. கடைசில மைக்ரோகிரிட் வச்சிருந்த கட்டடத்துல மாடு கட்டினாங்க.

தொழில்நுட்பம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஜனங்க எவ்ளோ எடுப்பாங்கன்னு கணக்கு தப்பு, அஞ்சு வருஷம் கழிச்சு பேட்டரிக்கு காசு எங்கன்னு யோசிக்கல, பெரிய கிரிட் வந்தா அதோட எப்படி சேந்துக்கறதுன்னும் யோசிக்கல. இன்னிக்கு யாராவது உங்க ஊருக்கு மைக்ரோகிரிட் வைக்க வந்தா பேனல் எத்தனைன்னு கேக்காதீங்க, ஆறாவது வருஷம் பேட்டரி மாத்தறது யார் செலவுன்னு கேளுங்க.

தமிழ்நாட்டுக்கு பேட்டரி இவ்ளோ அவசியமா? நம்மகிட்ட காத்து இருக்கே.

காத்து இருக்கறதால தான் அவசியம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டு கணவாய்ல மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் அள்ளிக் குடுக்கும், அதுவும் நடுராத்திரி யாரும் கேக்காத நேரத்துல நல்லா குடுக்கும். எடுத்துக்க முடியாம காத்தாலைய நிறுத்தச் சொல்றாங்கன்னு காத்தாலைக்காரங்க வருஷா வருஷம் புலம்புறாங்க. பகல்ல சோலார் நெறைய. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சூரியன் போயிடும், ஊரே வீட்டுக்கு வந்து ஏசி போடும். 2024 மே 2ல நம்ம உச்ச தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு. மத்தியான வெயிலை சில மணி நேரம் தள்ளி ராத்திரிக்கு கொண்டு போனா போதும், பாதி பிரச்சனை தீரும்.

இதை நாம பேட்டரி வர்றதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கோம்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஆனைமலைல காடம்பாறை நீரேற்று நிலையம், 400 மெகாவாட், 1980கள் கடைசில வந்தது. கரண்ட் மிச்சமா இருக்கறப்ப கீழ் அணைல இருந்து தண்ணிய மேல ஏத்துவாங்க, தேவைப்படுறப்ப கீழ விட்டு டர்பைனை சுத்துவாங்க. மலையே பேட்டரி. ஏத்தி இறக்குறதுல கால்வாசி வரைக்கும் போயிடும், ஆனா முப்பது நாப்பது வருஷம் உழைக்கும். நீலகிரில குந்தால 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒரு திட்டமும் இருக்கு. லித்தியம் பேட்டரில நஷ்டம் பத்து பதினஞ்சு சதவீதம் தான், இடம் கம்மி, ஒரு வருஷத்துல வச்சு முடிச்சுடலாம், மலை தேவையில்ல, ஆனா ஆயுசு குறைவு. ரெண்டும் வேணும்.

வீட்டுக்கு டியூபுலரா, லித்தியமா?

மாசத்துல ரெண்டு தடவை ஒரு மணி நேரம் கட் ஆகுற ஊருன்னா டியூபுலர் (வழக்கமான ஆசிட் பேட்டரி) போதும், காசை வீணாக்காதீங்க. 150 ஏஎச், 12 வோல்ட்டுன்னா கணக்குப்படி 1.8 யூனிட், ஆனா பாதிக்கு மேல அடிக்கடி உறிஞ்சினீங்கன்னா சீக்கிரம் செத்துடும், ஒரு யூனிட் கிடைக்கும்னு வச்சுக்கோங்க. பழைய ஃபேன் 75 வாட், புது பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா எடுக்குற மோட்டார் வச்சது) 30 வாட்டு தான், அதனால பெரிய பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி ஃபேனை மாத்துங்க, மூணு ஃபேன் மாத்தினா அதே பேட்டரி ரெண்டு மடங்கு நேரம் வரும். எங்க கடைக்கு இதனால வியாபாரம் கொறையும், பரவால்ல.

தினமும் சோலாரை சேத்து வச்சு ராத்திரி எடுக்கப் போறீங்கன்னா லித்தியம், அதுலயும் எல்எஃப்பின்னு (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை) கேட்டு வாங்குங்க. நாலாயிரம் தடவைக்கு மேல ஏத்தி இறக்கலாம், டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற வேலை இல்ல. எதை வாங்கினாலும் மொட்டைமாடி தகர ஷெட்ல வைக்காதீங்க, வெப்பம் பத்து டிகிரி கூடினா ஆசிட் பேட்டரியோட ஆயுசு பாதியாகிடும்.

லித்தியம் பேட்டரி தீப்பிடிக்குமாமே?

பிடிக்கும், பிடிச்சிருக்கு. 2025 ஜனவரி 16ல கலிஃபோர்னியா மாஸ் லேண்டிங்ல பெரிய பேட்டரி நிலையம் எரிஞ்சு ஆயிரம் பேருக்கு மேல வெளியேத்தினாங்க. அது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை, அதுவும் பழைய மின்நிலைய கட்டடத்துக்குள்ள வரிசையா அடுக்கி வச்சது, ஒண்ணு பத்தினா பக்கத்துல தாவாம எப்படி இருக்கும். இப்போ வர்றது பெரும்பாலும் எல்எஃப்பி, திறந்தவெளில தனித்தனி கன்டெய்னர்ல இடைவெளி விட்டு வைக்கிறாங்க. எல்எஃப்பி சுலபத்துல பத்தாது, ஆனா பத்தவே பத்தாதுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. வீட்ல மாடிப்படிக்கு கீழ, படுக்கை ரூம்ல வைக்காதீங்க, லோக்கல்ல செல் வாங்கி தானே கோத்த பேட்டரிய விலை கம்மின்னு வாங்காதீங்க. ஆசிட் பேட்டரியும் சாது இல்ல, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், காத்தோட்டம் வேணும்.

இன்னும் விலை குறையும்னு காத்திருக்கலாமா?

பெரிய பேட்டரிய அரசாங்கம் மாச வாடகைக்கு எடுக்குற டெண்டர்ல 2022ல ஒரு மெகாவாட்டுக்கு மாசம் 10 லட்சத்துக்கு மேல கேட்டாங்க, 2025க்குள்ள சில டெண்டர்ல அது 2.5 லட்சத்துக்கும் கீழ போயிடுச்சு. வீட்டு பேட்டரி இவ்ளோ வேகமா விழாது, நடுவுல டீலர், வாரண்டி, எங்க கூலி எல்லாம் இருக்கே. கட் அதிகம் இல்லாத ஊர்ல இருக்கீங்கன்னா பேனலை இப்போ போடுங்க, பேட்டரி பின்னாடி சேக்கற மாதிரி இன்வெர்ட்டரா கேட்டு வாங்குங்க.

எங்க அபார்ட்மெண்ட்ல ஜென்செட்டை வித்துட்டு பேட்டரி வச்சுடலாமா?

பேட்டரி வைங்க, ஜென்செட்டை விக்காதீங்க. ஒரு லிட்டர் டீசலுக்கு மூணு மூணரை யூனிட் தான் வரும், யூனிட் 25 ரூபாய்க்கு மேல ஆகும், அதுவும் ராத்திரி ரெண்டு லிஃப்ட்டுக்காக பெரிய ஜென்செட் ஓடினா இன்னும் மோசம். பத்து நிமிஷம், அரை மணி நேரம் போற கட்டை எல்லாம் பேட்டரி பாத்துக்கட்டும், லிஃப்ட் நடுவுல நிக்காது, புகை இல்ல, பக்கத்து பிளாக் மாமா சத்தம்னு சண்டைக்கு வர மாட்டாரு. நாள் கணக்குல போனா ஜென்செட்.

கஜா மாதிரி புயல் வந்தா மைக்ரோகிரிட் காப்பாத்துமா?

2018 நவம்பர்ல கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறினப்ப லட்சத்துக்கு மேல கம்பம் சாஞ்சுது, டெல்டால சில ஊருக்கு வாரக்கணக்குல கரண்ட் வரல. ஊருக்குள்ளயும் கம்பத்துல தான் ஒயர் போகுதுன்னா மைக்ரோகிரிட்டும் படுத்துடும், அதுல சந்தேகம் வேணாம். சுத்துன காத்துல பேனல் பறந்தாலும் போச்சு. ஆனா ஊர் பூராவுக்கும் தர வேண்டியதில்ல. புயல் காப்பகம், ஆரம்ப சுகாதார நிலையம், தண்ணி டேங்க் மோட்டார் மூணுக்கும் பூமிக்கு அடில கேபிள் போட்டு, கான்கிரீட் கூரைல பேனலை நல்லா முடுக்கி, பேட்டரிய வெள்ளம் ஏறாத உயரத்துல வச்சா போதும். கஜா சமயத்துல ஜனங்க ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து தண்ணி ஏத்தினாங்க, போன் சார்ஜ் பண்ண காசு குடுத்து வரிசைல நின்னாங்க. ஒரு 5 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓட நாலு யூனிட் தான் ஆகும். உங்க பஞ்சாயத்துல சோலார் பேச்சு எடுத்தா தெருவிளக்கை விட்டுட்டு முதல்ல அந்த மோட்டாரைக் காட்டுங்க.